ஒரே முகூர்த்தத்தில் மூன்று காரியம்

கெடுங்வாரு, ஜாவா,
ஜனவரி 1950

அன்பு மகன் பொனிமானுக்கு அம்மா சமிந்தென் எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அப்பா, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ அங்கே சிட்னியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ரொட்டியையும் ஆட்டுக்கறியையும் தின்று வயிறு என்ன ஆயிற்றோ, அரிசி கிடைக்கிற இடத்தை விசாரித்து ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. உன் கடிதம் போன வாரம் வந்தது. நீ கப்பல் வேலைக்குப் போன ஒன்பது வருஷத்தில் யாரும் பிரித்துப் படிக்காமல், யாரும் கறுப்பு மை பூசாமல் எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான். முன்பெல்லாம் டச்சுக்காரனோ ஜப்பான்காரனோ நம்மவனோ படித்து முடித்த மிச்சம்தான் எனக்குக் கிடைக்கும். உறை ஒட்டியபடி இருந்ததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

நமக்காக டச்சுக் கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களே உன் துறைமுகத் தொழிலாளிகள், அவர்கள் இப்போது இந்தப் போரின் காரணங்களையும் போக்கையும் விவரமாகச் சொல் என்று உன்னைக் கேட்கிறார்கள், உனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே அம்மா எழுது என்கிறாய். பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனாலும் முன்பின் தெரியாத நமக்காகக் கூலியை விட்டுவிட்டு நின்றவர்கள் கேட்கிறார்கள், பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வழி உன் தங்கை லஸ்மியின் கல்யாணம்தான், ஏனென்றால் இந்தப் போர் முழுக்க எங்கள் வீட்டில் அந்த ஒரு கல்யாணத்தைத்தான் நடத்தப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது நடக்குமா நடக்காதா என்பதுதான் எனக்குப் பெரிய போராக இருந்தது.

முதலில் காரணம். நம் ஆற்றங்கரை வயலில் என்ன நடுவது என்று நம்மை யாரும் கேட்டதில்லை, உனக்கே தெரியும். நெல் நட்டால் நம் வயிறு நிறையும், கரும்பு நட்டால் டச்சுக்காரன் ஆலை நிறையும், ஆகவே கரும்பு. உன் அப்பா ஆலையில் வண்டிமாடுகளைப் பார்த்துக்கொண்ட காலம் முழுக்கத் துரை முன்னால் குந்தி உட்கார்ந்துதான் பேசினார். மாடு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும், இவர் தரையில் குந்தியிருப்பார். முந்நூறு வருஷமாக இங்கே இருக்கிறோம், இன்னும் முந்நூறு வருஷம் இருப்போம் என்று பேசிய துரைமார்கள் ஜப்பான்காரன் வந்ததும் ஒரு வாரத்தில் கையைத் தூக்கிவிட்டார்கள். ஜப்பான்காரன் தன்னை நமக்கு அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அண்ணன் வந்த பிறகு அரிசிப்பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை, உடுத்தத் துணியில்லாமல் கோணியைக் கட்டிக்கொண்டு திரிந்தோம். அவனுக்கு எழுந்து நின்று குனிந்து வணங்க வேண்டும், உன் அப்பா பழக்கதோஷத்தில் குந்திவிட்டார், விட்டான் ஒரு அறை. இரண்டு எஜமானுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைக்கக்கூடாதா என்று அவர் அன்றைக்குக் கேட்டது நியாயமான கேள்விதான். உன் மாமா துகிரானை ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவே இல்லை, எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியவில்லை. அதை இதற்கு முன்னால் உனக்கு எழுத முடியவில்லை. பிறகு ஜப்பான்காரன் தோற்றான், ஜகார்த்தாவில் நம்மவர்கள் நாம் சுதந்திர நாடு என்று அறிவித்துவிட்டார்கள், நாமும் சிவப்பு வெள்ளைக் கொடி தைத்துக் கட்டிவிட்டோம், அப்புறம் டச்சுக்காரன் இங்கிலீஷ்காரன் கப்பலில் தொற்றிக்கொண்டு திரும்பி வருகிறான். வீட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போனவன் மூன்றரை வருஷம் கழித்து வந்து வாடகை எங்கே என்று கேட்டால் யார்தான் கொடுப்பார்கள். உன் நண்பர்களுக்குக் காரணம் இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

இனி போக்கு. சுதந்திரம் அறிவித்த அதே வருஷம் லஸ்மிக்கும் மேற்குக்கரைப் பள்ளிக்கூட வாத்தியார் சுதார்ஜிக்கும் நிச்சயம் பண்ணினோம். ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்தில் கல்யாணம், பந்தலுக்கு மூங்கில் வெட்டி வாசலில் அடுக்கியாயிற்று. அந்தச் சமயம் பார்த்து சுரபாயாவில் சண்டை, அம்பாராவாவில் சண்டை என்று செய்தி வந்தது. ஊர் இளவட்டமெல்லாம் வந்து பந்தல் மூங்கிலைத் தூக்கி ஆளுக்கு ஒன்றாக நுனியைச் சீவி ஈட்டியாக்கிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையும் தன் கல்யாணப் பந்தலிலிருந்து ஒரு காலை உருவிக்கொண்டு போனான். பெண்ணைக் கொடுக்கிற மாமியார் ஈட்டி கொடுக்க மாட்டேன் என்றா சொல்ல முடியும். முழுசாகத் திரும்பி வந்தான், ஆனால் மாதம் போய்விட்டது. அடுத்தது நாற்பத்தேழில் ஏற்பாடு செய்தோம், நோன்பு மாதத்தில் டச்சு டாங்கி மேற்குக்கரைக்கு வந்து நின்றது. பிறகு பெரியவர்கள் எல்லாரும் துறைமுகத்தில் ஒரு அமெரிக்கக் கப்பலில் உட்கார்ந்து பேசி ஒரு கோடு போட்டார்கள், அந்தக் கோடு சரியாக நம் ஆற்றில் வந்து விழுந்தது. மாப்பிள்ளை டச்சு நாட்டில், பெண் குடியரசில். நாற்பத்தெட்டில் நாங்கள் விடாமல் இரண்டு பக்கமும் அனுமதி கேட்டோம். டச்சுக்காரன் மாப்பிள்ளை மட்டும் தனியாகப் போகலாம், உறவுக்காரர்கள் கூடாது என்றான். நம் குடியரசு அலுவலகத்தில் உறவுக்காரர்கள் வரலாம், டச்சுப் பகுதியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கூடாது என்றார்கள். வீட்டார் இல்லாத மாப்பிள்ளை, மாப்பிள்ளை இல்லாத வீட்டார், இதை வைத்துக்கொண்டு நான் யாருக்குப் பாய் விரிப்பது. அந்த வருஷக் கடைசியில் டச்சுக்காரன் தான் கையெழுத்துப் போட்ட கோட்டைத் தானே தாண்டி வந்து நம் தலைநகர் ஜோக்ஜாவைப் பிடித்தான், தலைவர்களையும் பிடித்தான், நம் படை ஆற்றுப்பாலத்தைக் கொளுத்திவிட்டு மலைக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து பகலில் டச்சு ராஜ்யம், பொழுது சாய்ந்தால் குடியரசு, நாங்கள் இரண்டுக்கும் காபி போட்டோம். உன் அப்பா துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நெற்குதிருக்குள் இறங்கிவிடுவார். உள்ளே நெல் இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. எதிர்வீட்டு பைனா ஒருநாள் என் காதில் விழட்டும் என்றே, சுதந்திரம் முதலில் வருமா லஸ்மிக்குக் கல்யாண யோகம் முதலில் வருமா என்று தன் கோழியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். லஸ்மிக்கு அப்போது இருபத்துமூன்று முடிந்துவிட்டது, அவளோடு படித்தவர்களுக்கு மூன்றாவது பிள்ளை. அவள் ஒன்றும் பேச மாட்டாள், அம்மியில் மிளகாயை அரைக்கிற அரையில்தான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் டச்சுக்காரன் புதுப்பாலம் கட்ட ஆரம்பித்தான். இரண்டு கரையும் அவன் கையில், அனுமதிச் சீட்டுத் தொல்லை இல்லை, பாலமும் வருகிறது, நோன்பு மாதத்துக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்று உன் அப்பா நாள் பார்க்க உன் பெரியப்பா மாங்குனிடம் போனார். உன் நண்பர்களுக்கு இது புரியாது, நீயே சொல்லு, ஏழு நாள் வாரம் ஒரு பக்கம், ஐந்து நாள் சந்தை வாரம் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்கு ஒரு நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று தெரியும். பெரியப்பா பெண்ணின் பிறந்தநாள், மாப்பிள்ளையின் பிறந்தநாள், ஆறு ஓடுகிற திசை எல்லாம் பார்த்து, அந்த மாதத்திலேயே குறையில்லாத நாள், சந்தை வாரத்து லெகி நாளும் வெள்ளியும் சேருகிற லெகி வெள்ளிக்கிழமை ஒன்றுதான், அதிலும் காலை ஒன்பது மணிக்குள் என்று சொல்லிவிட்டார். நான் அரிசியை ஊற வைத்தேன், கல்யாண இனிப்பு ஜெனாங் கிண்டப் பெரிய வாணலி கேட்டு வாங்கினேன், லஸ்மி நாலு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் ஜெனாங் அடிபிடிக்கிற நேரம் பார்த்து கர்சான் வந்தான். நம் முடிவெட்டுகிற கர்சான்தான், இப்போது கேப்டன். மலையிலிருந்து காய்கறிக்கூடை சுமக்கிறவன் மாதிரி வந்திருந்தான், இடுப்பில் துப்பாக்கி, அதன் மேலே கத்தரிக்காய். வாணலியிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, மெதுவாக என்னிடம், "அக்கா, நாளைக்குக் காலையில யாரும் ஆத்துப்பக்கம் வந்துடாதீங்க. பாலத்தை உடைக்கப்போறோம்" என்றான்.

"நாளைக்கு அதுமேலதான் எங்க மாப்பிள்ளை வரான். நாளன்னைக்கு உடை" என்றேன்.

அவனால் முடியாதாம். நாடு சுதந்திரம் அறிவித்தது லெகி வெள்ளிக்கிழமை, அதே லெகி வெள்ளியில் அடித்தால்தான் அடி விழுமாம், நாள் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்களாம். அதுவும் போக டச்சு லெப்டினன்ட் பாலத்தைத் திறந்து வைக்கப்போவதும் நாளைக்குத்தான், ஒன்பது மணிக்கு, ஊரெல்லாம் பார்க்க அவன் முகத்துக்கு எதிரே அது போக வேண்டுமாம். முடி வெட்டுகிற காலத்தில் நீ நாள் பார்த்தா வெட்டினாய், என் பையன் காதில் வெட்டினதும் லெகி வெள்ளியா என்று கேட்டேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. சரி, உனக்கு நாள் பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டதும் அவன் தரையைப் பார்த்தான், எனக்கு அடுப்பங்கரையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. கரண்டியை லஸ்மி கையில் கொடுத்துவிட்டு, கேப்டனையும் உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பா கூண்டுப்புறாவுக்குத் தினை போட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், மூன்று பேர் வந்து கேட்டார்கள் என்றார், நிதானமாக. மூன்றாவது ஆள் மேற்குக்கரை ஊர்த்தலைவர். கெட்ட நாளில் திறந்த பாலத்தில் ஒரு ஜாவாக்காரனும் கால் வைக்க மாட்டான் என்று லெப்டினன்ட்டுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவன் ஊர்த்தலைவரை அனுப்பி நாள் கேட்டிருக்கிறான். கல்யாணம், குண்டு, திறப்பு விழா, மூன்றுக்கும் கணக்குப் போட்டால் லெகி வெள்ளிதான் வந்ததாம், நேரமும் அதேதான் வந்ததாம். ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல்வது தன் தொழிலுக்கு அழகில்லையாம். உன் அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்காமல், எல்லாருக்குமே நல்ல நாள் என்றால் யார்தான் ஜெயிப்பார்கள் என்று கேட்டார். பெரியப்பா புறாவைப் பார்த்துக்கொண்டே, "நாள் நல்ல நாளான்னுதான் என்னைக் கேட்டீங்க. யாருக்கு நல்லதுன்னு கேக்கலையே" என்றார். வயதில் மூத்தவர் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன், மூடியதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

கடைசியில் வாசலில் நின்றே ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். கப்பலில் உட்கார்ந்து செய்ததைவிட இது நல்ல உடன்படிக்கை. மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்குள் பாலம் தாண்டி வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் பாலம் போக வேண்டும். கர்சான் சத்தியம் பண்ணினான். ஆனால் அவன் வைத்திருந்த குண்டு கரும்புக்காட்டில் வெடிக்காமல் கிடந்த பழைய விமானக்குண்டு, அதை வெடிக்க வைக்க அவன் கட்டியிருந்தது தன் கடைச்சுவரில் தொங்கிய பழைய கடிகாரம். அந்தக் கடிகாரம் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும், அதை நம்பித்தான் நீ கப்பலையே தவறவிடப் பார்த்தாய். ஒருமுறை முடுக்கிவிட்டால் நிறுத்தவும் முடியாதாம். மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பி எட்டு மணிக்குள் வரச் சொல்லிவிட்டோம், காரணம் சொல்லவில்லை, சொன்னால் அவன் அத்தைமார் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. லஸ்மிக்கு நெற்றியில் கறுப்பு மை வரைந்து, தலையில் மல்லிகை தொங்கவிட்டு உட்கார வைத்தாயிற்று. நான் ஆற்றங்கரை வாழைத்தோப்பில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளையின் அத்தைக்குக் கொண்டை நிற்கவில்லையாம், மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்ந்ததாம், அதற்காக மொத்தக் கூட்டமும் காத்திருந்ததாம், இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர்கள் பாலத்து முனைக்கு வந்து சேர்ந்தபோது அதே கரையில் சாலையின் மறுமுனையிலிருந்து லெப்டினன்ட்டும் ஊர்த்தலைவரும் வாத்தியக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். திறப்பு விழாவில் துஆ ஓதுவதற்கும் நம் நிக்காஹ் ஓதுவதற்கும் ஒரே காஜியார், அவரும் அங்கேதான். சரி, நடந்து வந்து தொலையுங்கள் என்று நான் இக்கரையிலிருந்து கையை ஆட்டுகிறேன், அவர்கள் நான் வரவேற்கிறேன் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் அங்கே ஒரு மரியாதை ஆரம்பித்தது. ரிப்பன் வெட்டியாயிற்று, இனி யார் முதலில் பாலத்தில் கால் வைப்பது என்பதுதான் கேள்வி. ஊர்த்தலைவர் ஒதுங்கி நின்று, மாப்பிள்ளை வீட்டார் முதலில் போகட்டும் என்றார். மாப்பிள்ளையின் மாமா, ஐயோ, தலைவர் இருக்க நாங்களா என்று பின்னால் போனார். தலைவர் காஜியாரைக் கைகாட்டினார், காஜியார் துரையைக் கைகாட்டினார். லெப்டினன்ட் புது ஆள், நம்மிடம் மரியாதை கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல, அவனும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து மாப்பிள்ளையின் அத்தைக்கு வழிவிட்டான். அத்தை கொண்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்வாங்கினாள். நான் இக்கரையில் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் திட்டுகிறேன். இப்படி நீங்கள் முதலில் நீங்கள் முதலில் என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தபோது கர்சானின் கடிகாரம் தன் நேரத்துக்கு ஒன்பது மணி அடித்தது. பாலம் எழுந்து நின்றது, அப்புறம் ஆற்றில் உட்கார்ந்தது. ஒரு உயிருக்கும் சேதமில்லை, லெப்டினன்ட்டின் தொப்பியும் அத்தையின் கொண்டையும்தான் போயின. நம் ஜனங்களின் உபசாரத்தை நான் என்னவெல்லாமோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அதுதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது.

அப்புறம்தான் சண்டை. டச்சு சிப்பாய்கள் மூங்கில் தோப்பைப் பார்த்துச் சுட்டார்கள், கர்சான் ஆட்கள் இரண்டு வெடி வெடித்துவிட்டு மலைக்கு ஓடினார்கள். ஆற்றில் இறங்குகிறவனைச் சுடுவோம் என்று அக்கரையில் கத்தினார்கள். மாப்பிள்ளையும் காஜியாரும் வாய்க்காலில் குப்புறக் கிடந்தார்கள். பெண் இக்கரையில், மாப்பிள்ளை அக்கரையில், நடுவில் பாலம் இல்லாத ஆறு. இனி என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இளவட்டம் அத்தனை பேரையும் இன்றைக்கே பிடித்துக்கொண்டு போவார்கள், பத்து நாளில் நோன்பு மாதம், அதற்குப் பிறகு யார் உயிரோடு யார் சிறையில் என்று யாருக்குத் தெரியும். லஸ்மி அழவில்லை, அழுதால் மை கரையும் என்று கண்ணை அகலத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். குதிருக்குப் பக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றிருந்த உன் அப்பாவைப் பார்த்து, "அப்பா, நிக்காஹ்வுக்கு நான் அங்க வேண்டாம். பெண்ணைக் கொடுக்கிற அப்பா நீங்க இருந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குதிருக்குள் வைத்திருந்த காலை வெளியே எடுத்தார். தலைத்துணியை இறுக்கிக் கட்டி, முதுகில் செருகியிருந்த கிரிஸ் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, நல்ல சரோங்கை மடித்துத் தலைமேல் வைத்து, வாழைத்தோப்பு வழியே இறங்கிவிட்டார். கத்தியை எதற்கு வாயில் கவ்வினார் என்று கேட்டால் இப்போது கைகள் நீந்த வேண்டுமே என்கிறார், தண்ணீர் மார்பளவுதான். பாதி ஆற்றில் அவருக்குப் பக்கத்தில் தண்ணீர் இரண்டு தடவை தெறித்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது, பொனிமான். இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இந்த மனிதர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அதுவரை ஒருநாளும் நினைத்ததில்லை, அன்றைக்கு நினைத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே, தலைக்கேறிவிடும்.

அக்கரையில் ஏறியதும் ஒரு சின்ன வயது சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு எதிரே வந்தான். உன் அப்பாவுக்கு ஆலையில் கற்றுக்கொண்ட டச்சு ஒரே ஒரு வாக்கியம், காலை வணக்கம் ஐயா, மாடுகள் தயார் என்பது. அதைச் சொன்னார். அதுவும் நின்றபடி சொன்னார், குந்தவில்லை. சிப்பாய் மாட்டைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தான். அதற்குள் இவர் சரோங்கைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். காஜியார் படுத்தவாறே ஓதினார், மாமாவும் ஊர்த்தலைவரும் சாட்சி, சுதார்ஜி உன் அப்பாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டான். பெரியப்பா சொன்ன நேரத்துக்குள் முடிந்ததா இல்லையா என்று இன்றைக்கும் வீட்டில் விவாதம் நடக்கிறது, ஏனென்றால் அங்கே மணி பார்த்துச் சொல்லும்படி இருந்த ஒரே கடிகாரம் ஆற்றோடு போய்விட்டது.

சுதார்ஜியை அன்று சாயங்காலமே பிடித்தார்கள். மாப்பிள்ளை உடுப்பில் வந்து எவனாவது குண்டு வைப்பானா என்று லெப்டினன்ட்டுக்கே தோன்றி, கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டான். ஆனால் ஆற்றைத் தாண்டத் தடை, நடு ஆற்றில் தலை தெரிந்தால் சுடுவோம் என்று பலகையே வைத்துவிட்டார்கள். கல்யாணம் ஆன பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு கரையில். சாயங்காலமானால் அவன் குளிக்கிற சாக்கில் அக்கரைக்கு வருவான், இவள் கழுவி வைத்த ஒரே பானையை மறுபடி கழுவ இக்கரைக்குப் போவாள். பேச முடியாது, அவ்வளவு தூரம், கத்தினால் சிப்பாய்க்குக் கேட்கும். பானை தேய்ந்து அடி ஓட்டையாகிவிட்டது. ஒருநாள் அவள் திரும்பி வந்து அந்த ஓட்டைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து முதல் முறையாக அழுதாள், இப்போது கரைய மை இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்தது. அன்று வியாழக்கிழமை. சிப்பாய்கள் பலகையை எடுக்கவில்லை, ஆனால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். லஸ்மி உடுப்பை மூட்டை கட்டினாள். உடனே பெரியப்பா வந்துவிட்டார், அவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ. பெண் முதன்முதலாகப் புருஷன் வீட்டுக்குப் போகிற நாள், மேற்குத் திசைக்கு இன்றைக்குச் சுத்தமாக ஆகாது, ஐந்தாம் நாள் அருமையான நாள் இருக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் லஸ்மியைப் பார்த்தேன். லஸ்மி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை, பெரியவரிடம் பேசுகிற பணிவோடுதான் பேசினாள். "பெரியப்பா, நாலு வருஷம் யார் யாரோ சொன்ன நாளுக்கு நான் காத்திருந்தேன். இன்னைக்கு என்ன நாள்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு, பாலம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சிப்பாய்கள் பார்க்கப் பார்க்க ஆற்றில் இறங்கி நடந்தாள். பெரியப்பா விரலில் கணக்குப் போட ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். ஒருவனும் சுடவில்லை. அக்கரையில் சுதார்ஜி தலையில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றான்.

டிசம்பரில் ஜகார்த்தாவில் கொடி மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அதெல்லாம் உன் பத்திரிகையிலேயே வந்திருக்கும். எங்களுக்குச் சுதந்திரம் எப்போது வந்தது என்று உன் நண்பர்கள் கேட்டால் அந்த வியாழக்கிழமையைச் சொல்லு, நான் சொன்னேன் என்று சொல்லு. அவர்கள் எல்லாருக்கும் என் வணக்கத்தைத் தெரிவி, நாங்கள் நின்றபடியே சொல்கிற வணக்கம் என்றும் சொல்லு.

லஸ்மிக்கு மே மாதம் பேறுகாலம். மாமன் வந்து பிள்ளையின் காதில் பேர் சொல்லட்டும் என்று ஆசைப்படுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் கம்பளி போடு, சம்பளத்தை எல்லாருக்கும் இறைக்காதே. அங்கே ஒரு பெண் இருப்பதாக இரண்டு கடிதமாகச் சொல்லாமல் சொல்கிறாய், இருந்தால் கூட்டிக்கொண்டு வா, சோறு சாப்பிடுவாளா என்று மட்டும் முன்னால் எழுது. புறப்பட எது நல்ல நாள் என்று பெரியப்பாவைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கப்பல் என்றைக்கு இருக்கிறதோ அன்றைக்கு ஏறி வா. ஆண்டவன் உன்னைக் கரை சேர்க்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சமிந்தென்

(உன் அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். தண்ணீர் மார்பளவு இல்லை, கழுத்தளவு என்று திருத்தச் சொல்கிறார். திருத்தவில்லை. மூச்சு நின்ற இடத்தையும் படித்திருக்கிறார் போலிருக்கிறது, கேட்காமலே எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.)